ஒரே வாணலியில் சாசேஜ் லெச்சோ

வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதே மணி ஏழு. எட்டுக்குள் சாப்பாடு ஆக வேண்டும். தொட்டியில் பாத்திரமும் குவியக் கூடாது. ஃபிரீசரில் ஒரு பாக்கெட் சாசேஜ் கிடக்கிறது. அதை எண்ணெயில் புரட்டி, சாஸ் தொட்டுச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்தும் போய்விட்டது. உங்கள் நிலைமை இதுதான் என்றால், ஹங்கேரி நாட்டு வீடுகளில் சர்வ சாதாரணமாகச் செய்யும் லெச்சோவைச் செய்து பாருங்கள். ஒரே வாணலி, மொத்தம் முக்கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் அது தானாக வெந்துகொண்டிருக்கும்.

லெச்சோ என்றால் என்ன? வெங்காயம், காரமில்லாத சதைப்பற்றான மிளகாய், தக்காளி மூன்றையும் தண்ணீர் விடாமல், அவை விடும் சாற்றிலேயே வேகவைத்த கெட்டிக் குழம்பு. நிறத்துக்கும் மணத்துக்கும் பாப்ரிகா (காரமில்லாத சிவப்பு மிளகாயை உலர்த்தி அரைத்த தூள்) சேர்ப்பார்கள். அதில் சாசேஜை வட்டமாக நறுக்கிப் போட்டால் சாசேஜ் லெச்சோ. முட்டை உடைத்து ஊற்றியும் செய்வார்கள், அரிசி போட்டும் செய்வார்கள், எதுவும் சேர்க்காமலும் சாப்பிடுவார்கள்.

அங்கே இது கோடையின் கடைசிச் சமையல். ஆகஸ்ட், செப்டம்பரில் மிளகாயும் தக்காளியும் ஒரே சமயத்தில் காய்த்துக் குவியும். தின்றது போக மீதியைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். பிரெஞ்சுக்காரர்களின் ராட்டட்டூயி என்ற காய்க் குழம்புக்கு இது தூரத்து உறவு. அதே பெயரில் வந்த, எலி ஒன்று சமையல்காரனாகும் அனிமேஷன் படம் 2007இல் ஹங்கேரிக்கு வந்தபோது, அங்கே அதற்கு லெச்சோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: நாலு பேருக்குச் சாசேஜ் எவ்வளவு? 250 கிராம் போதும். "ஆளுக்கு ஒன்றரைத் துண்டா?" என்று முகம் சுளிக்காதீர்கள். கருவாட்டுக் குழம்பில் கருவாடு எப்படியோ, இதில் சாசேஜ் அப்படி. நாலு துண்டு போட்டால் சட்டி முழுக்க மணக்கும். அங்கே வயிற்றை நிரப்புவது கத்தரிக்காய், இங்கே மிளகாயும் தக்காளியும். சாசேஜில் உப்பு, கொழுப்பு, பூண்டு, சில வகைகளில் புகை மணம் என எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அது மிளகாயிலும் தக்காளியிலும் இறங்க வேண்டும். சாசேஜைக் கூட்டிக் காயைக் குறைத்தீர்களானால் உப்புக் கரிக்கும் ஒரு வறுவல்தான் மிஞ்சும்.

மற்ற அளவுகள்: பெரிய வெங்காயம் இரண்டு. மிளகாய் அரைக் கிலோ. தக்காளி கால் கிலோவுக்குச் சற்று மேல். மிளகாய் தக்காளியைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பூண்டு நாலு பல், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, பாப்ரிகா ஒரு மேசைக்கரண்டி, உப்பு. அவ்வளவுதான்.

அந்த ஊர் மிளகாய்க்கு எங்கே போவது? ஹங்கேரியில் போடுவது வெளிர்மஞ்சள் நிறத்தில், தோல் மெலிதாக, நீளமாக இருக்கும். நம் சந்தையில் அதற்கு நெருங்கியது பஜ்ஜி மிளகாய். இலங்கையில் இருப்பவர்கள் கறிமிளகாய் வாங்கினால் சரியாக இருக்கும். இரண்டும் கிடைக்காவிட்டால் குடைமிளகாய். ஆனால் பச்சைக் குடைமிளகாயை மட்டுமே போட்டால் லேசாகக் கசப்புத் தட்டும். பாதி சிவப்போ மஞ்சளோ கலந்துகொள்ளுங்கள்.

பஜ்ஜி மிளகாயில் ஒன்றிரண்டு சமயத்தில் காரமாக மாட்டிவிடும். சாப்பிடப்போவது குழந்தைகள் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். நுனியில் கிள்ளினால் தெரியாது, காம்புப் பக்கம் கிள்ள வேண்டும். காரம் சேர்ந்திருப்பது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளை நரம்பில்தான். விதையையும் நரம்பையும் வழித்து எடுத்துவிட்டால் முக்கால்வாசிக் கவலை தீர்ந்தது.

பாப்ரிகா தூள் இல்லையே என்றால்? பெரிய கடைகளில் மசாலா வரிசையில் சின்னக் குப்பியில் இருக்கும். ஹங்கேரியின் தெற்கே ஸெகெட், கலோச்சா என்ற இரண்டு ஊர்கள் இந்தத் தூளுக்குப் பேர்போனவை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தப் பெயர் போட்ட டப்பாவைக் கண்டால் யோசிக்காமல் வாங்கலாம். இங்கே கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூளோ பேடகி மிளகாய் அரைத்த தூளோ இரண்டு தேக்கரண்டி போடுங்கள். இரண்டுமே நிறம் கூட, காரம் குறைவு. சாம்பாருக்குப் போடும் வீட்டு மிளகாய்த்தூளை அந்த அளவு போட்டுவிடாதீர்கள், வாயில் வைக்க முடியாது.

தக்காளியில் நாட்டுத் தக்காளிதான் இதற்கு ஏற்றது. சாறும் புளிப்பும் அதில்தான் உண்டு. தோல் தடித்த ஹைபிரிட் தக்காளி வேக நேரம் எடுக்கும், சாறும் குறைவாகவே விடும். அதுதான் வீட்டில் இருக்கிறதென்றால் பொடியாக நறுக்குங்கள்.

இனி சாசேஜ். நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். கடையில் சாசேஜ் என்று ஒரே பெயரில் விற்பவை மூன்று ரகம். நம் ஊர்க் கடைகளில் ஃபிரீசரில் இருக்கும் சிக்கன் சாசேஜ் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே வெந்தது; நாம் செய்வது சூடுபடுத்துவதும் சிவக்க வைப்பதும் மட்டுமே. இரண்டாவது, பச்சையாக அரைத்துக் குடலில் அடைத்தது. லண்டனில் சூப்பர் மார்க்கெட்டில் சாதாரணமாக வாங்கும் சாசேஜ் இந்த ரகம். மூன்றாவது, உப்பும் மசாலாவும் போட்டு, புகையூட்டி உலர்த்தியது. ஹங்கேரிக்காரர்களின் கோல்பாஸ் இந்த வகை. பன்றி இறைச்சியும் பூண்டும் பாப்ரிகாவும் சேர்ந்தது. வாணலியில் போட்டதும் செக்கச்செவேலென்று கொழுப்பு கக்கும்.

உங்கள் கையில் இருப்பது எந்த ரகம்? பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். "ப்ரீ குக்டு", "ஹீட் அண்ட் ஈட்" என்று இருந்தால் வெந்தது. "குக் பிஃபோர் ஈட்டிங்" என்றோ "ரா" என்றோ இருந்தால் வேகவைத்தே ஆக வேண்டும். ஒன்றும் எழுதாமல் கசாப்புக் கடையில் தொங்கினால் பச்சை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோவாவில் கோத்து விற்கும் சோரிசோவும் சமைத்தே சாப்பிட வேண்டியது. அதில் காடியும் மிளகாயும் உப்பும் தூக்கலாக இருக்கும் என்பதால் 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள்.

சிக்கன் சாசேஜ் என்றால் சிக்கன் மட்டும்தானா? மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சேர்க்காதவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. உள்ளே கோழியாக இருந்தாலும், மேல்தோல் மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜனாகவோ (தோலிலும் எலும்பிலும் உள்ள புரதம்) பன்றிக் குடலாகவோ இருக்கலாம். சேர்மானப் பட்டியலில் "கேசிங்" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ஹலால் பார்ப்பவர்கள் அதற்கான முத்திரையைப் பாருங்கள். "ஸ்கின்லெஸ்" என்று இருந்தால் தோல் பிரச்சினை இல்லை. சில பெரிய சாசேஜ்களில் பிளாஸ்டிக் உறை இருக்கும். நகத்தால் கீறினால் பட்டையாக உரிந்து வந்தால் அது தின்பதற்கில்லை, உரித்துவிட்டு நறுக்குங்கள்.

உறைந்து கல்லாக இருக்கிறதே, என்ன செய்வது? காலையிலேயே ஞாபகம் வந்தால் ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மறந்துவிட்டால், பாக்கெட்டைப் பிரிக்காமல் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். அதற்குள் காய் நறுக்கி முடித்திருப்பீர்கள். சமையல்மேடையில் நாள் முழுக்க வெளியே வைப்பது மட்டும் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் மேற்புறம் கெட ஆரம்பித்திருக்கும், நடுவில் இன்னும் ஐஸ் இருக்கும்.

எந்தப் பாத்திரம்? அடி கனமான, அகலமான, மூடி உள்ளது. ஸ்டீல் வாணலி நல்லது, நான்ஸ்டிக்கும் பரவாயில்லை. இரும்புச் சட்டி வேண்டாம். அதில் தக்காளி கொதித்தால் அதன் புளிப்பு, எண்ணெய் தேய்த்துப் பழக்கிய பூச்சைத் தின்றுவிடும். குழம்பிலும் இரும்பு வாடை வரும்.

இப்போது அடுப்பைப் பற்றவையுங்கள். வெந்த ரகச் சாசேஜ் என்றால் விரல் பருமனுக்குச் சரிவாக நறுக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்ததும் நெருக்கியடிக்காமல் பரப்பிப் போட்டு, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். ஓரம் பழுப்பாகி, திருப்பினால் ஒட்டாமல் வரும். மறுபக்கமும் சிவந்ததும் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். ஏன் எடுக்க வேண்டும், அதிலேயே காயைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஏற்கெனவே வெந்த சாசேஜை அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் முதலில் உப்பி வெடிக்கும், பிறகு சுருங்கி ரப்பராகிவிடும், அதனால்தான்.

பச்சைச் சாசேஜ் என்றால் நறுக்காமல் முழுசாகவே சிவக்க வைத்து எடுங்கள். முள்கரண்டியால் குத்தாதீர்கள். "குத்தாவிட்டால் வெடிக்குமே" என்பார்கள். தீ மிதமாக இருந்தால் வெடிக்காது. குத்தினால் உள்ளிருக்கும் சாறெல்லாம் ஒழுகிவிடும்.

அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, கழுவ வேண்டாமா? கூடவே கூடாது. ருசியே அதில்தான் இருக்கிறது. அதே வாணலியில் நீளவாக்கில் நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு, தீயைக் குறைத்து, வெங்காயம் விடும் ஈரத்தைக் கொண்டே அடியைச் சுரண்டிக் கிளறுங்கள். கண்ணாடிப் பதம் வந்ததும் தட்டிய பூண்டைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளறினால் போதும். முறுகவிடத் தேவையில்லை.

அடுத்து வருவதுதான் இந்தச் சமையலில் கவனம் தேவைப்படும் ஒரே இடம். அடுப்பை அணையுங்கள். அணைத்துவிட்டுத்தான் பாப்ரிகாவைத் தூவ வேண்டும். மிளகாய்த்தூளை எண்ணெயில் வறுத்துப் பழகிய கைக்கு இது விசித்திரமாக இருக்கும். பாப்ரிகாவில் சர்க்கரைச் சத்து அதிகம்; கொதிக்கும் எண்ணெயில் சில நொடிகளிலேயே கருகிக் கசந்துவிடும். ஆனால் எண்ணெய் படாமலும் முடியாது, அதன் சிவப்பு எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே அணைத்த அடுப்பில், வாணலியின் சூட்டிலேயே பத்துப் பதினைந்து நொடி கிளறுங்கள். எண்ணெய் ஆரஞ்சாக மாறி மணம் எழும். உடனே நறுக்கிய மிளகாய் முழுவதையும் கொட்டிப் புரட்டிவிட்டு, அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். காஷ்மீரித் தூளுக்கும் இதே முறைதான்.

கால் தேக்கரண்டி உப்புத் தூவி, மூடி போட்டு, சிம்மில் பத்து நிமிடம். தண்ணீர் ஊற்றாவிட்டால் அடிப்பிடிக்காதா? பிடிக்காது. உப்பு பட்டதும் மிளகாய் நீர் விட ஆரம்பிக்கும்; மூடியில் திரளும் ஆவியும் திரும்ப உள்ளேயே சொட்டும். ஐந்தாவது நிமிடம் திறந்து பார்த்தால் அடியில் சாறு தெரியும். இந்த இடத்தில் பொறுமையிழந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவதுதான் லெச்சோ சாரமில்லாத சூப்பாகிப் போவதற்குக் காரணம்.

மிளகாய் துவண்டதும் தக்காளியைச் சேர்த்து இன்னும் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். பச்சைச் சாசேஜ் எடுத்து வைத்திருந்தீர்களே, அதைத் தக்காளியோடேயே உள்ளே புதைத்துவிடுங்கள். அதற்கு இந்தப் பதினைந்து நிமிடமும் வேண்டும். வெந்த ரகம் என்றால் தக்காளி கரைந்து, எண்ணெய் ஓரத்தில் மினுங்கும்போது, கடைசி ஐந்து நிமிடம் போட்டால் போதும். நீர்க்க இருந்தால் மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டுங்கள். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால், அது ஒரு நொடி நின்று பிறகு மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் பதம். இப்போது வாயில் வைத்துப் பார்த்து உப்பைச் சரிபண்ணுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

பச்சைச் சாசேஜ் வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? சமையல் வெப்பமானி வீட்டில் இருந்தால் நடுப்பகுதியில் குத்திப் பாருங்கள். கோழி என்றால் 74 டிகிரி செல்சியஸ், அரைத்த பன்றி, மாட்டிறைச்சிக்கு 71. இல்லாவிட்டால் இருப்பதில் பருமனானதைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே கொழகொழப்பு இல்லாமல் இறைச்சி இறுகி, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் பல பாக்கெட் சாசேஜ்கள் எவ்வளவு வெந்தாலும் ரோஸ் நிறமாகவே இருக்கும். அது சோடியம் நைட்ரைட் (இறைச்சி கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்க்கும் உப்பு) செய்யும் வேலை. வேகவில்லை என்று பதறிக் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்காதீர்கள்.

இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, கறிவேப்பிலை போடலாமா? போட்டால் நல்ல சாசேஜ் தொக்கு கிடைக்கும், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் லெச்சோவின் சுகமே மிளகாயின் இனிப்பும் தக்காளிப் புளிப்பும் மறைக்கப்படாமல் நாக்கில் படுவதுதான். முதல் தடவை மசாலா டப்பாவைத் திறக்காமல் செய்யுங்கள். காரம் போதாதவர்கள் தட்டில் மிளகுத்தூள் தூவிக்கொள்ளட்டும்.

எதோடு சாப்பிடுவது? அங்கே வெள்ளை ரொட்டியைப் பிய்த்து, சாற்றில் தோய்த்து, கடைசியில் வாணலியையே துடைத்துவிடுவார்கள். நமக்குப் பேக்கரி பன், பாவ், சப்பாத்தி எல்லாமே சேரும். சுடுசோறும் நன்றாக இருக்கும். சோறு வடிக்க இன்னொரு பாத்திரம் எதற்கு என்றால், தக்காளி போடும்போதே அரை டம்ளர் பச்சரிசியைக் கழுவிச் சேர்த்து, ஒன்றேகால் டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடிவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற விதிக்கு இது மட்டும் விலக்கு, அந்த நீரை அரிசி குடித்துவிடும். ஆள் கூடிவிட்டால் மூன்று முட்டையை அடித்து, இறக்கும் முன் ஊற்றிக் கிளறுங்கள்.

வீட்டில் ஒருவர் சைவம் என்றால்? சாசேஜை முதலில் வதக்காமல் லெச்சோவைத் தனியாகச் செய்து, அவருக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குச் சாசேஜ் சேர்க்கலாம். மணம் கொஞ்சம் குறையும், ஆனால் அவரைத் தனியாக ரசம் வைத்துக்கொள்ளச் சொல்வதைவிட இது மேல்.

சாசேஜ் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே? பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிடுபவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. நூறில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு அந்த அளவு கூடுகிறது. "தினமும்" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். நம் கணக்கில் ஆளுக்கு 60 கிராம் சொச்சம் வருகிறது. எப்போதோ ஒருநாள் இரவில் அது பெரிய விஷயமில்லை. தினமும் குழந்தையின் டிபன் பாக்ஸில் போகிறது என்றால் நிறுத்த வேண்டியதுதான்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பல சாசேஜ்களில் 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம் இருக்கிறது. கர்ப்பிணிகள் வெந்த ரகத்தையும் பாக்கெட்டிலிருந்து அப்படியே சாப்பிடக் கூடாது, ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிட வேண்டும். மறுபக்கம், அரைக் கிலோ மிளகாய் உள்ளே போகிறது. ஸெகெட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி வைட்டமின் சியை ஏராளமாகப் பிரித்தெடுத்தது இந்த மிளகாயிலிருந்துதான். 1937இல் நோபல் பரிசும் வாங்கினார். வேகும்போது அதில் ஒரு பங்கு போய்விடும், ஆனாலும் கொஞ்சம் தங்கும்.

முக்கால் மணியும் அதிகம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாசேஜ் இல்லாமல் இரட்டிப்பு அளவு லெச்சோ செய்து ஆறவைத்து டப்பாவில் அடைத்துவிடுங்கள். ஃபிரிஜ்ஜில் மூன்று நாள், ஃபிரீசரில் இரண்டு மாதம் வரை தாங்கும். வேலை நாளில் சாசேஜைச் சிவக்க வைத்து, அதன் மேல் இதைக் கொட்டிக் கொதிக்கவிட்டால் பத்தே நிமிடம்.

சாசேஜ் போட்டது மீந்துபோனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிஜ்ஜுக்குப் போய்விட வேண்டும்; விடியும்வரை அடுப்பின் மேலேயே வைக்காதீர்கள். மறுநாள் முழுவதையும் சூடாக்காமல், வேண்டியதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவையுங்கள். கெட்டியாகியிருக்கும் என்பதால் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்து டோஸ்ட் போட வசதி. தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம், ஹங்கேரிக்காரர்கள் யாரும் பார்க்கப்போவதில்லை.